பொனேரில் ஒரு வாரம்: பன்னிரண்டு பேர், ஒன்பது டைவர்கள், கரையில் ஒரு காவல்

ஹூஸ்டனிலிருந்து கரீபியன் கடலில் இருக்கும் பொனேர் தீவுக்குப் பன்னிரண்டு பேராக ஒரு வாரம் ஸ்கூபா டைவிங் போனோம். அந்தப் பயணத்தின் திட்டம் எப்படி உருவானது, போன இடத்தில் எந்த அளவுக்குத் தாங்கியது என்பதை எழுதுகிறேன். ஒருங்கிணைப்பு என் பொறுப்பு. பெயர்கள் யாருக்கும் போடவில்லை. குழுவில் இருந்தவர்கள் படித்தால் தங்களைத் தாங்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள்.

ஆட்கள்

ஒன்பது டைவர்களும் ஒன்பது விதம். மூன்று பேர் அட்வான்ஸ்டு சான்றிதழோடு பல வருடம் கடலில் ஊறியவர்கள். நான்கு பேர் ஓப்பன் வாட்டர் என்ற அடிப்படைச் சான்றிதழை முடித்துவிட்டு விடுமுறையில் மட்டும் டைவ் செய்கிறவர்கள். அவர்களில் ஒரு தம்பதி கொரோனாவுக்கு முன்னால்தான் கடைசியாகத் தண்ணீரில் இறங்கியிருந்தார்கள். பிறகு பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி, ஜூனியர் ஓப்பன் வாட்டர், அந்த மூன்று அனுபவசாலிகளில் ஒருவரின் மகள். ஒன்பதாவது ஆள் மாணவர்: பாடமும் நீச்சல்குளப் பயிற்சியும் ஊரில் முடித்துவிட்டார், கடலில் செய்ய வேண்டிய நான்கு பயிற்சி டைவ்களைத் தீவில் முடிக்க நினைத்தார். மீதி மூவர் டைவ் செய்யாதவர்கள். அதில் ஒருவர் அறுபதைத் தாண்டிய அம்மா. மகன் போகும் இடத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பியவர்.

இந்தப் பட்டியலைப் பார்த்தாலே பிரச்சினை தெரியும். ஓப்பன் வாட்டர் சான்றிதழுக்கு ஆழ வரம்பு 18 மீட்டர், அட்வான்ஸ்டுக்கு 30. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கும் 18தான், அதுவும் சான்றிதழ் பெற்ற பெரியவர் கூடவே இருக்க வேண்டும். அனுபவசாலிகள் எதற்காகக் காசு கொடுக்கிறார்களோ அதைப் புதியவர்கள் பார்க்கவே முடியாது. புதியவர்களுக்குப் பாதுகாப்பான இடம் அனுபவசாலிகளுக்கு இரண்டாம் நாளே அலுத்துவிடும். தீவைத் தேர்ந்தெடுப்பது உண்மையில் இந்த முடிச்சை அவிழ்க்கும் வேலைதான். தண்ணீர் எவ்வளவு தெளிவு, மீன் எவ்வளவு என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

தீவு

மூன்று பெயர்கள் மேசையில் இருந்தன. அனுபவசாலிகள் மூவரும் மெக்சிகோவின் கோசுமெல் என்றார்கள். அங்கே பவளச் சுவரை ஒட்டி ஓடும் நீரோட்டம் ஆளைத் தானே தள்ளிக்கொண்டு போகும். அருமையான அனுபவம், மறுக்கவில்லை. ஆனால் எல்லாமே படகு. டைவ் மாஸ்டர் என்ற வழிகாட்டியின் பின்னால் குழுவாகப் போக வேண்டும், நீரோட்டத்தில் ஒருவர் பின்தங்கினால் எல்லாருக்கும் தலைவலி. வருடக்கணக்கில் தண்ணீரைப் பார்க்காத தம்பதியை முதல் நாளே அதில் இறக்க எனக்கு மனம் வரவில்லை. ஹோண்டுராஸின் ரோவாட்டன் அதைவிட அமைதி, ஆனால் அதுவும் பெரும்பாலும் படகுதான். படகு என்றால் டைவ் செய்யாத மூவர் தினமும் காலையில் கையசைத்து வழியனுப்பிவிட்டு மதியம் வரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும்.

பொனேரில் கதை வேறு. வெனிசுவேலாவுக்கு வடக்கே சுமார் 80 கிலோமீட்டரில் பூமராங் மாதிரி வளைந்து கிடக்கும் தீவு. 2010 அக்டோபர் 10 முதல் நெதர்லாந்தின் தனிச் சிறப்பு நகராட்சி. 2011 முதல் புழங்குவது அமெரிக்க டாலர். ஆண்டு முழுதும் கிழக்கிலிருந்து வணிகக் காற்று அடிப்பதால் கிழக்குக் கரை கொந்தளித்துக்கொண்டிருக்கும். மேற்குக் கரை காற்றுக்கு மறைவு, பெரும்பாலான நாட்களில் குளம் மாதிரி கிடக்கும். அந்த மேற்குக் கரை நெடுகச் சாலையோரத்தில் மஞ்சள் வண்ணம் அடித்த கற்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு டைவ் தளத்தின் பெயர். ஐம்பதுக்கும் மேற்பட்ட தளங்களுக்குக் கரையிலிருந்தே இறங்கலாம். பிக்கப் டிரக்கை நிறுத்து, டேங்கை மாட்டு, நடந்து இறங்கு, அவ்வளவுதான். பவளத்திட்டு பல இடங்களில் சுமார் பத்து மீட்டர் ஆழத்தில் சரியத் தொடங்கி முப்பதைத் தாண்டிப் போகிறது. ஒரே இடத்தில் ஒருவர் பத்து மீட்டரிலும் இன்னொருவர் இருபத்தெட்டிலும் இருக்கலாம், யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம்.

தீவு வந்த வழியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்குள்ள கெடுபிடிகள் அதிலிருந்துதான் புரியும். ஈட்டியால் மீன் குத்துவதை 1971லேயே தடை செய்துவிட்டார்கள். 1979ல் கரையைச் சுற்றிய கடல் முழுவதும் தேசியக் கடல் பூங்காவானது. 1962ல் பாய்மரக் கப்பலில் வந்து இறங்கி அங்கேயே தங்கிவிட்ட கேப்டன் டான் ஸ்டூவர்ட் அந்தத் தீவின் டைவிங் தொழிலுக்கே முன்னோடி. நங்கூரம் போட்டுப் பவளத்தை உடைக்காமல் படகுகள் நிலையான மிதவைகளில் கட்டப்படுவதற்கு அவர்தான் பெரும் காரணம். 2014ல் இறந்தார்.

புயல் பற்றி எல்லாரும் கேட்டார்கள். ஜூன் முதல் நவம்பர் வரை கரீபியனில் புயல் பருவம். பொனேர் அந்தப் பாதைக்குத் தெற்கே இருக்கிறது. அதனால்தான் மற்ற தீவுகளுக்குப் போக யோசிக்கும் அக்டோபரில் நாங்கள் டிக்கெட் எடுக்க முடிந்தது. ஆனாலும் “புயலே வராது” என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். 1999 நவம்பரில் லென்னி புயல் வழக்கத்துக்கு மாறாக மேற்கிலிருந்து கிழக்காக நகர்ந்தது. அதன் அலைகள் அமைதியான மேற்குக் கரையிலேயே மோதி, ஆழம் குறைந்த பவளத்தை நொறுக்கின. 2008ல் ஒமரும் அதே கரையைப் பதம் பார்த்தது. பயணக் காப்பீட்டில் புயல் ரத்து இருக்கிறதா என்று பார்த்துத்தான் எடுத்தோம்.

காகித வேலை

இதில் சுருக்கமாகச் சொல்லக்கூடியதும் உண்டு, கூடாததும் உண்டு.

கட்டணம்: வெளியூர்க்காரர்களுக்கு நுழைவு வரி 75 டாலர், இயற்கைப் பூங்காக் கட்டணம் ஒரு நாட்காட்டி ஆண்டுக்கு 40 டாலர். பன்னிரண்டு பேருக்கும் சேர்த்து 1380 டாலர். பதின்மூன்று வயது நிறைந்துவிட்டதால் அந்தப் பெண்ணுக்கும் பெரியவர் கட்டணமே. இரண்டையும் கிளம்பும் முன்பே ஆன்லைனில் கட்டி ரசீதை எடுத்துக்கொண்டோம்.

விசாவில் நேரம் போனது. ஷெங்கன் விசா விதி வேறு, கரீபியனில் உள்ள நெதர்லாந்துப் பகுதிகளின் விசா விதி வேறு. குழுவில் அமெரிக்கக் குடியுரிமை உள்ளவர்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் சிக்கல் இல்லை. இந்தியப் பாஸ்போர்ட்டில் எச்-1பி வேலை விசாவில் இருந்த ஒருவருக்கு இரண்டு பக்கமும் பார்க்க வேண்டியிருந்தது. தீவுக்குள் விடுவார்களா என்பது ஒன்று, திரும்பி அமெரிக்காவுக்குள் விடுவார்களா என்பது இன்னொன்று. விசா முத்திரை காலாவதியானவர்கள் கனடாவுக்கோ மெக்சிகோவுக்கோ முப்பது நாளுக்குள் போய்வரும் சலுகையை மனதில் வைத்துக் கிளம்பிவிடுவது உண்டு. பொனேருக்குப் போய்த் திரும்பும் எச்-1பிக்காரருக்கு அந்தச் சலுகை உதவாது. அவருடைய முத்திரை செல்லுபடியாக இருந்தது, தப்பித்தோம்.

மருத்துவப் படிவத்தை ஏனோ எல்லாரும் அலட்சியமாகப் பார்க்கிறார்கள். டைவ் கடை தரும் கேள்வித்தாளில் சில பதில்கள் “ஆம்” என்று வந்தால் டாக்டர் கையெழுத்து இல்லாமல் தண்ணீரில் இறக்கமாட்டார்கள். எங்களில் ஒருவர் ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர். “இல்லைன்னு போட்டுடட்டுமா?” என்று கேட்டார். போடக் கூடாது என்று சொல்லி, கிளம்புவதற்கு மூன்று மாதம் முன்பே படிவத்தைக் கையில் கொடுத்து டாக்டரிடம் அனுப்பினேன். டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். கடைசி வாரத்தில் போயிருந்தால் அந்த மாத்திரை உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்கவே நேரம் இருந்திருக்காது. சாதாரணப் பயணக் காப்பீடு பலவற்றில் டைவிங் சேராது என்பதால் டைவ் விபத்துக் காப்பீடு எல்லாருக்கும் கட்டாயம் என்று வைத்தோம். தலைநகர் கிராலெண்டைக் மருத்துவமனையில், உடம்பில் கரைந்த நைட்ரஜன் குமிழியாவதால் வரும் டைவ் நோய்க்குச் சிகிச்சை தரும் உயர் அழுத்த அறை இருக்கிறது என்பது அந்தத் தீவைத் தேர்ந்தெடுத்ததற்கு இன்னொரு காரணம்.

நீண்ட இடைவெளி விட்ட தம்பதி ஊரிலேயே நீச்சல்குளத்தில் ஒரு மறுபயிற்சி வகுப்பு எடுத்துக்கொண்டார்கள். முகமூடியில் தண்ணீர் புகுந்தால் வெளியேற்றுவது, மூச்சு விடும் ரெகுலேட்டர் வாயிலிருந்து நழுவினால் திரும்பப் பிடிப்பது, இந்த இரண்டும் கைக்கு வந்தால் பாதி பயம் போய்விடுகிறது.

எண்ணுவது யார்?

படகில் போனால் டைவ் மாஸ்டர் தலைகளை எண்ணுவார். எத்தனை பேர் இறங்கினார்கள், எத்தனை பேர் ஏறினார்கள் என்று அவரிடம் பட்டியல் இருக்கும். படகில் ஆக்சிஜன், ரேடியோ எல்லாம் இருக்கும். கரையிலிருந்து நாமே இறங்கினால் இதில் எதுவும் இல்லை. பொனேரின் விளம்பரங்கள் எல்லாம் சுதந்திரம் சுதந்திரம் என்கின்றன. அந்தச் சுதந்திரத்தோடு டைவ் மாஸ்டரின் வேலையும் நம் தலையில் விழுகிறது என்பதை யாரும் பெரிதாக எழுதுவதில்லை.

இதோடு ஒரு உள்ளூர்ச் சிக்கல். டைவ் தளங்களில் நிறுத்திய வண்டியிலிருந்து சில்லறைத் திருட்டு நடப்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அதனால் வண்டி வாடகைக்குக் கொடுப்பவரே சொல்லிவிடுவார்: கதவைப் பூட்டாதீர்கள், கண்ணாடியை இறக்கிவிடுங்கள், உள்ளே எதையும் வைக்காதீர்கள். பூட்டினால் கண்ணாடியை உடைப்பார்களாம். சரி, நல்ல யோசனைதான். ஆனால் உள்ளே எதுவும் இல்லை என்றால் போனும் இல்லை, ஆக்சிஜன் பெட்டியும் இல்லை, அவசர எண்கள் எழுதிய தாளும் இல்லை. யாருக்காவது ஏதாவது ஆனால் ஆளரவமற்ற சாலையில் ஈரத் துணியோடு நின்று கைகாட்ட வேண்டியதுதான்.

எங்கள் திட்டத்தின் நடு ஆணி இங்கேதான் அடிக்கப்பட்டது. ஒவ்வொரு டைவுக்கும் ஒருவர் கரையில் இருப்பார். அவர் டைவ் செய்யாதவராகவோ, அந்த முறை ஓய்வெடுக்கும் டைவராகவோ இருக்கலாம். அவரிடம் போன், கடையில் வாடகைக்கு எடுத்த ஆக்சிஜன் பெட்டி, ஒரு பிளாஸ்டிக் ஸ்லேட். ஸ்லேட்டில் ஒவ்வொரு ஜோடியின் பெயர், இறங்கிய நேரம், மேலே வர வேண்டிய நேரம். அறுபது நிமிடம் அல்லது டேங்கில் மிச்சம் 50 பார் (காற்றழுத்த அளவு), எது முதலில் வருகிறதோ அப்போது மேலே இருக்க வேண்டும். பதினைந்து நிமிடம் தாண்டினால் கரையில் இருப்பவர் தானாக முடிவெடுக்க வேண்டும், யாரையும் கேட்கக் கூடாது. இரண்டாவது டிரக் கரையோரமாகத் தேடப் போகும். இன்னும் பத்து நிமிடம் போனால் அவசர எண்ணுக்கு அழைப்பு.

அனுபவசாலிகளில் ஒருவருக்கு இது பிடிக்கவில்லை. “சின்னப் பசங்க மாதிரி கையெழுத்துப் போட்டுட்டு இறங்கணுமா?” என்றார். ஆமாம் என்றேன்.

ஜோடி

ஜோடி சேர்ப்பதில் பலர் கணவன்-மனைவி, நண்பன்-நண்பன் என்று போய்விடுவார்கள். நாங்கள் காற்று செலவைப் பார்த்துச் சேர்த்தோம். கணக்கு எளிது. வழக்கமான அலுமினிய டேங்கின் கொள்ளளவு 11.1 லிட்டர். 200 பாரில் தொடங்கி 50 பாரில் முடித்தால் கைக்குக் கிடைப்பது சுமார் 1665 லிட்டர் காற்று. 12 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் 2.2 மடங்கு. மேற்பரப்பில் நிமிடத்துக்கு 15 லிட்டர் இழுப்பவருக்கு அது ஐம்பது நிமிடம் வரும். 22 லிட்டர் இழுப்பவருக்கு முப்பத்து நான்கு நிமிடம்தான். இந்த இருவரையும் சேர்த்துவிட்டால் ஒருவர் பாதி டைவில் மேலே வர வேண்டும், இன்னொருவர் மனதுக்குள் திட்டிக்கொண்டே கூட வர வேண்டும். அது கணவன் மனைவியாக இருந்தால் இரவுச் சாப்பாடு வரை நீளும்.

அந்தத் தம்பதியைப் பிரித்தது இதனால்தான். கணவர் அதிகம் இழுப்பவர், மனைவி மிக மிகக் குறைவு. மனைவியை இன்னொரு ஓப்பன் வாட்டர் பெண்ணோடு சேர்த்தோம்; இரண்டு பேருமே நிமிடத்துக்குப் பத்து லிட்டரைச் சுற்றி. அப்பாவும் மகளும் ஒரு ஜோடி, அதில் விவாதம் இல்லை. மாணவர் முதல் நாட்களில் பயிற்சியாளரோடு தனியாக. அவர் சான்றிதழ் வாங்கிய பின் ஒன்பது பேர் ஆகிவிடுவதால் ஒரு மூவர் அணி தேவைப்படும் என்பதையும் முன்பே முடிவு செய்து வைத்தோம்.

தீவில்

முதல் நாள் எவ்வளவு பெரிய டைவராக இருந்தாலும் கடல் பூங்காவின் விதிகளைக் கேட்டுவிட்டு, ஒரு சரிபார்ப்பு டைவ் செய்த பிறகுதான் மற்ற இடங்களுக்குப் போகலாம். கையுறை போடக் கூடாது, எதையும் தொடக் கூடாது, எடுக்கக் கூடாது. பவளத்துக்குக் கேடு செய்யும் ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் கலந்த வெயில் களிம்புகளுக்கு 2021 முதல் தடை; முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டால் களிம்பே அதிகம் தேவையில்லை. சரிபார்ப்பு டைவில் எல்லாரும் இடுப்பில் கட்டும் ஈய எடை மாறியது. நன்னீரில் பழகியவர்களுக்குக் கடல் நீரில் இரண்டு மூன்று கிலோ ஈயம் கூடுதலாக வேண்டும். டேங்க் காலியாகக் காலியாக மேலே தூக்கும், அதற்கும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். தங்கிய விடுதிக்குச் சொந்தத் துறைமேடையும் ஏணியும் இருந்தன. புதியவர்களுக்காகவே அப்படிப்பட்ட விடுதியாகத் தேடிப் பிடித்தோம்.

கரை இறக்கம் சுலபம் என்று எழுதிவிட்டேன், அதைக் கொஞ்சம் திருத்த வேண்டும். பல தளங்களில் மணல் கிடையாது. உடைந்த பவளக் கட்டைகளும், அரித்துக் கூர்மையான சுண்ணாம்புப் பாறையும்தான். முதுகில் டேங்க், இடுப்பில் ஈயம் என்று இருபத்தைந்து கிலோவுக்கு மேல் சுமந்துகொண்டு முழங்கால் ஆழத்தில் அலை தள்ளும்போது, ஒரு கால் கட்டைகளுக்கு நடுவே இறங்கிவிட்டால் கணுக்கால் போயிற்று. கெட்டியான அடிப்பாகம் உள்ள பூட்ஸ் இல்லாமல் வந்த ஒருவர் முதல் மாலையே கடைக்கு ஓடினார். ஜோடியாகத் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கி, இடுப்பளவு வந்ததும் மிதந்துகொண்டு ஃபின் (கால் துடுப்பு) மாட்டுவதுதான் நடைமுறை. வடக்கே ஆயிரம் படிகள் என்று பெயர் கொண்ட தளத்தில் உண்மையில் ஏறத்தாழ எழுபது படிகள்தான். டேங்கோடு ஏறி வந்தவர்கள் பெயரைக் குறை சொல்லவில்லை.

டேங்க் எடுக்கும் இடத்துக்கு டிரக்கையே உள்ளே ஓட்டிக்கொண்டு போகலாம். பல கடைகளில், ஆக்சிஜனைக் கூட்டி நைட்ரஜனைக் குறைத்த நைட்ராக்ஸ் கலவையும் காற்று விலைக்கே கிடைக்கிறது. பல நாள் தொடர்ந்து டைவ் செய்வதால், நைட்ராக்ஸ் சான்றிதழ் இல்லாத ஓப்பன் வாட்டர்காரர்களை ஊரிலேயே அந்தப் பாடம் முடிக்க வைத்திருந்தோம். 32 சதவீதக் கலவைக்கு ஆழ வரம்பு சுமார் 33 மீட்டர். எங்கள் யாருக்கும் அது இடைஞ்சல் இல்லை. விதி ஒன்றே ஒன்று: யார் சுவாசிக்கப் போகிறார்களோ அவர்களே அளக்க வேண்டும். ஆக்சிஜன் அளவியைக் காற்றில் காட்டி 20.9க்குச் சரிசெய்து, டேங்க் வால்வைத் துளி திறந்து, எண் நிலைக்கும் வரை காத்திருந்து, டேப் ஒட்டிச் சதவீதம், ஆழம், பெயர் எழுதிப் பதிவேட்டில் கையெழுத்து. பதின்மூன்று வயதுக்காரிதான் இதில் ஒழுங்கு. அவள் அப்பா அவசரத்தில் எழுதாமல் விட்ட டேங்கை அவள் டிரக்கில் ஏற்றவே விடவில்லை.

மூன்றாம் நாள்

திட்டம் சோதனைக்கு உள்ளானது ஏஞ்சல் சிட்டி தளத்தில். தெற்கில் அந்தப் பகுதியில் இரட்டைத் திட்டு: கரைக்கு அருகே ஒன்று, நடுவில் மணல் பள்ளம், அதற்கு அப்பால் இன்னொன்று. கொஞ்சம் வடக்கேதான் ஹில்மா ஹுக்கர் என்ற 72 மீட்டர் சரக்குக் கப்பல் கிடக்கிறது. கஞ்சாவோடு பிடிபட்டு, 1984 செப்டம்பர் 12ல் மூழ்கியது. அது படுத்திருக்கும் மணல் சுமார் 30 மீட்டர் ஆழம் என்பதால் அனுபவசாலிகளில் இருவர் அங்கே போயிருந்தார்கள். மற்ற ஜோடிகள் ஏஞ்சல் சிட்டியில். கரைக் காவல் அந்த அம்மா. குடை, நாற்காலி, ஸ்லேட்.

குறைவாக இழுக்கும் அந்தப் பெண்கள் ஜோடி நேரத்துக்கு வரவில்லை. மற்றவர்கள் ஏறி, கழுவி, தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். கடல் பளிங்கு மாதிரி கிடந்தது. குமிழியோ தலையோ எதுவும் தெரியவில்லை. பதினைந்தாவது நிமிடம் அம்மா எழுந்து இரண்டாவது டிரக்கின் சாவியை என்னிடம் நீட்டி, “தெற்கே போ, மெதுவா ஓட்டு, கடலைப் பார்த்துக்கிட்டே போ” என்றார். எந்தப் பக்கம் போவது என்பதையும் அவரே யோசித்திருந்தார்: மிதவைக் கயிறு தெற்கே சாய்ந்திருந்ததாம்.

தெற்கில் சாலை கடலை ஒட்டியே போகிறது, அது வசதி. ஒரு வளைவு தாண்டியதும் இரண்டு பேரும் சாலையோரத்தில் நடந்து வந்துகொண்டிருந்தார்கள். டேங்க் முதுகில், ஃபின் கையில், ஆரஞ்சு நிற மிதவைக் குழாய் இன்னும் காற்றோடு தோளில். “அண்ணா, கரைத் திட்டுல கரண்ட்டே இல்ல. அந்தப் பக்கத் திட்டுக்குப் போனதும் பின்னாலேர்ந்து தள்ளுதுன்னே தெரியல. திரும்பினப்பதான் புரிஞ்சுது.” அவர்கள் செய்தது எல்லாமே சரி. எதிர்த்து நீந்திக் களைக்காமல் மேலே வர முடிவெடுத்தார்கள், வழக்கமான பாதுகாப்பு நிறுத்தமாக ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நின்றார்கள், மிதவையை விட்டார்கள், கிடைத்த இடத்தில் கரையேறினார்கள். டேங்கில் இன்னும் 80 பாருக்கு மேல் இருந்தது.

தப்பு எங்கே என்றால் விதியில். திரும்ப வேண்டிய இடத்தைக் காற்றை வைத்துத்தான் சொல்லியிருந்தோம்: 130 பார் வந்ததும் திரும்பு. மற்றவர்கள் இருபது நிமிடத்திலேயே 130ஐத் தொட்டுவிட்டார்கள். இவர்கள் இருவருக்கும் அந்த எழுபது பார் முப்பத்தைந்து நிமிடம் வந்தது. அவ்வளவு நேரமும் நீரோட்டம் தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறது. ஒரே மாதிரி இழுப்பவர்களைச் சேர்த்தால் சண்டை வராது என்பது உண்மை. ஆனால் காற்று குறைவாக இழுக்கும் இருவரைச் சேர்த்தால் அவர்களை மேலே கூப்பிடக் காற்று இருக்காது என்பதை யாரும் யோசிக்கவில்லை. அன்று மாலை விதி மாறியது: 130 பார் அல்லது இருபத்தைந்து நிமிடம், எது முதலோ அப்போது திரும்பு. முதல் பாதி எப்போதும் நீரோட்டத்துக்கு எதிராக. மணல் பள்ளத்தைத் தாண்டினால் மறுபடி நீரோட்டத்தைச் சோதி.

அம்மா அப்புறம் சொன்னார்: “பன்னெண்டாவது நிமிஷமே எனக்கு அடிச்சுக்க ஆரம்பிச்சிடுச்சு. ஆனா நீ பதினஞ்சுன்னு சொன்னியேன்னு உட்கார்ந்திருந்தேன்பா.” கையெழுத்தைக் கிண்டல் செய்த அனுபவசாலி அதற்குப் பிறகு ஸ்லேட்டைத் தானே கேட்டு வாங்கி எழுதினார்.

டைவ் செய்யாத மூவர்

இவர்களைக் காவல்காரர்களாக மட்டும் வைத்திருந்தால் கலகம் வெடித்திருக்கும். ஆளுக்கு ஒரு நாள் முறை, மற்ற நாட்கள் அவர்களுடையவை. எதிரே இருக்கும் கிளைன் பொனேர் தீவுக்குப் படகில் போய் ஸ்நார்கெலிங் செய்தார்கள். லாக் விரிகுடாவில் முழங்கால் ஆழ வெந்நீர் மாதிரியான தண்ணீரில் ஒருவர் விண்ட்சர்ஃபிங் பழகினார். தெற்கே உப்பளங்கள்: இளஞ்சிவப்புத் தண்ணீர், வெள்ளை மலைகளாக உப்பு, நடுவே ஃபிளமிங்கோக்கள். அங்கேயே 1850 வாக்கில் கட்டிய அடிமைகளின் கல் குடிசைகள் இருக்கின்றன. உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாத உயரம். நெதர்லாந்து தன் கரீபியன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தது 1863ல். இரண்டு டைவ் தளங்களுக்கு அந்தக் குடிசைகளின் பெயரே இருக்கிறது. டேங்கை இறக்கும் அவசரத்தில் அவற்றைத் தாண்டிப் போய்விடுவது எளிது. அம்மாதான் எங்கள் எல்லாரையும் இழுத்துக்கொண்டு போய்க் காட்டினார்.

நிலா

வாரத்தைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு ஆடம்பரம் இருந்தது. பௌர்ணமி முடிந்து சில நாட்களில், சூரியன் மறைந்து முக்கால் மணி நேரம் கழித்து, நிலா எழும் முன்னால் ஆஸ்ட்ரகாட் என்ற கடுகளவு உயிரினங்கள் இணை தேடி ஒளி உமிழும். அதற்கு ஏற்றபடி விமானத் தேதியைப் பொருத்தினோம். இரவு டைவ் விடுதியின் துறைமேடையிலிருந்து மட்டும் என்பது கண்டிப்பு. மணலில் மண்டியிட்டு விளக்குகளை அணைத்தோம். முதலில் ஒன்றும் இல்லை. கண் பழகியதும் நீலப் புள்ளிகள், ஒன்றின் மேல் ஒன்றாக, கோத்த மணி மாதிரி மேலே ஏறின; ஒரு சரம் அணைவதற்குள் பக்கத்தில் இன்னொன்று. திரும்பும்போது விளக்கைப் போட்டால் ஆளுயர டார்பன் மீன்கள் தோளை உரசிக்கொண்டு வந்தன. நம் விளக்கு எந்த மீன் மேல் விழுகிறதோ அதைப் பிடிப்பது அவற்றின் பழக்கம். தூங்கும் மீன் மேல் விளக்கை நிறுத்தாமல் இருப்பதுதான் மரியாதை.

வெள்ளிக்கிழமை, கணக்கு

திரும்பும் விமானம் சனிக்கிழமை காலை. தொடர்ந்து பல நாள் டைவ் செய்தவர்கள் பறப்பதற்கு முன் குறைந்தது 18 மணி நேரம் விட வேண்டும் என்பது டைவ் பாதுகாப்பு அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்கின் பரிந்துரை. நாங்கள் வெள்ளிக்கிழமையை முழுதாகவே உலர் நாளாக வைத்தோம். “காலைல ஒண்ணு போட்டுக்கலாமே” என்ற குரல் எதிர்பார்த்தபடி வந்தது, எதிர்பார்த்தபடி மறுக்கப்பட்டது. வாஷிங்டன் ஸ்லாக்பாய் பூங்காவுக்குப் போனோம். 1969 முதல் காப்பகம், பூங்காக் கட்டணத்திலேயே அனுமதி அடங்கும். தீவின் உயரமான பிராண்டாரிஸ் குன்று 241 மீட்டர். டைவுக்குப் பிறகு உயரம் என்று கவலைப்படும் 300 மீட்டருக்குக் கீழே என்பதால் ஏறலாம் என்றாலும், டைவ் செய்தவர்கள் அவசரமில்லாமல் பாதி வரை போய்த் திரும்பினார்கள்.

மாலையில் கருவிகளைக் கழுவினோம், சும்மா அல்ல, கிருமிநீக்கியில் ஊறவைத்து. 2014ல் மயாமி அருகே தென்பட்ட கல் பவளத் திசு இழப்பு நோய் 2023ல் பொனேருக்கு வந்துவிட்டது. மூளைப் பவளம், தூண் பவளம் எல்லாம் வாரக்கணக்கில் வெளுத்து உரிந்து போகின்றன. தளம் மாறும்போதே கழுவச் சொல்கிறார்கள். தீவு மாறும்போது கட்டாயம்.

பணக் கணக்கில் ஒரே சச்சரவு டிரக்குகளில். முள் செடி கீறிய தடத்துக்கு வாடகை நிறுவனம் பிடித்த தொகையை யார் தருவது? ஓட்டியவரா, எல்லாருமா? எல்லாரும் என்று முடிந்தது. அடுத்த முறை இதைப் போல ஒரு தொகையை முன்பணத்திலேயே சேர்த்து வசூலித்து, மிச்சமானால் கடைசி நாள் திருப்பித் தர வேண்டும். இரண்டு டிரக்கில் மாணவரையும் பயிற்சி நேரத்தையும் பொருத்துவதற்குள் போதும் போதும் என்றானதால், மூன்றாவது ஒரு சிறிய காரும் தேவை. ஆக்சிஜன் பெட்டியைத் திறக்காமலே திருப்பிக் கொடுத்தோம். அதற்குக் கொடுத்த வாடகையைப் பற்றி யாரும் பேசவில்லை.

அனுபவசாலிகள் மூவரும் இப்போது சாபா என்கிறார்கள். அதுவும் நெதர்லாந்துத் தீவுதான். சுமார் 400 மீட்டர் ஓடுபாதையில் சின்ன விமானத்தில் இறங்க வேண்டும், ஆழத்திலிருந்து எழும் பாறைச் சிகரங்கள், எல்லாமே படகு. மூவரும் தனியாகப் போய்வரட்டும், பன்னிரண்டு பேராகப் போவதென்றால் மறுபடி பொனேர்தான் என்று சொல்லியிருக்கிறேன். வாக்கெடுப்பு இன்னும் நடக்கவில்லை.